எது இயற்கைக்கு விரோதம்?

ஆணுக்குப் பெண்ணிடத்தும் பெண்ணுக்கு ஆணிடத்தும் ஆசை தோன்றுவது போலவே, சில ஆண்களுக்கு ஆண்களிடத்தும், சில பெண்களுக்குப் பெண்களிடத்தும், இன்னும் சிலருக்கு இரு பாலாரிடத்தும் ஆசை தோன்றுவது உண்டு. இப்படிப்பட்டவர்கள் எல்லாத் தேசத்திலும், எல்லா ஜாதியிலும், எல்லா மதத்திலும், எல்லாக் காலத்திலும் இருந்து வந்திருக்கின்றார்கள் என்பதும் உலகம் அறிந்த விஷயமேயாகும். இதைத்தான் இன்று தன்பாலீர்ப்பு என்றும் இருபாலீர்ப்பு என்றும் சொல்லுகின்றார்கள். ஆனால் நம் நாட்டில் இதைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், "சிவ சிவா! இது இயற்கைக்கு விரோதம்" என்று காதைப் பொத்திக் கொள்ளுகின்றவர்களே அதிகம். பாமரரும் அப்படியே, படித்தவரும் அப்படியே. கடவுள் இல்லை என்று மேடையேறிப் பேசுகின்றவர்களிலும் கூடச் சிலர் அப்படியே. ஆகவே இந்த "இயற்கைக்கு விரோதம்" என்ற வார்த்தையின் யோக்கியதை என்ன என்பதைச் சற்று ஆராய்ந்து பார்க்கலாம் என்று கருதுகின்றோம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். திருநங்கையர், திருநம்பியர் என்பவர்களையும் தன்பாலீர்ப்புள்ளவர்களையும் நம் மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்ளுகின்றார்கள். தான் ஆணா பெண்ணா என்று ஒருவர் தம்மைப் பற்றி உணர்வது ஒன்று. தமது ஆசை யாரிடத்தில் செல்லுகின்றது என்பது மற்றொன்று. முன்னதற்குத் தமிழ்நாட்டில் 2008-ம் வருஷத்தில் ஒரு நல வாரியமாவது ஏற்பட்டது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டும் அவர்களுடைய உரிமையை ஒப்புக் கொண்டது. பின்னதைப் பற்றியே நாம் இங்கு எழுதுகின்றோம்.

நிற்க, "இயற்கைக்கு விரோதம்" என்ற வார்த்தை நமக்கு எங்கிருந்து வந்தது? தொல்காப்பியத்திலிருந்து வந்ததா? நம் பாட்டன் முப்பாட்டன் சொல்லி வைத்துவிட்டுப் போனார்களா? ஒன்றுமில்லை. இந்திய தண்டனைச் சட்டம் 377-வது பிரிவில், இயற்கையின் ஒழுங்குக்கு விரோதமாக உடற்சேர்க்கை செய்கின்றவர்களுக்கு ஆயுள் தண்டனையோ, பத்து வருஷம் வரை சிறையோ விதிக்கலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். இந்தச் சட்டத்தின் முதல் நகலை 1837-ம் வருஷத்தில் தயாரித்த கமிஷனுக்குத் தலைவர் மெக்காலே துரை. அது 1860-ல் சட்டமாகி, 1862-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி முதல் அமுலுக்கு வந்தது. இதே சரக்கை வெள்ளைக்காரர்கள் இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஏற்றுமதி செய்தார்கள்.

வெள்ளைக்காரர்களுக்கு இது எங்கிருந்து கிடைத்தது? அவர்களுடைய மதத்திலிருந்து கிடைத்தது. பாதிரிமார்களின் கோர்ட்டுகளில் பாபமாக விசாரிக்கப்பட்டு வந்த இந்தக் காரியத்தை, 1533-ம் வருஷத்தில் எட்டாவது ஹென்றி ராஜா அரசாங்கச் சட்டத்தில் குற்றமாக்கித் தூக்குத் தண்டனையும் விதித்தார். இதற்காக இங்கிலாந்தில் கடைசியாக 1835-ம் வருஷத்தில் இரண்டு பேரைத் தூக்கில் போட்டார்கள். தூக்குப் போனாலும் சிறை போகவில்லை. ஜெர்மனியோடு நடந்த யுத்தத்தில் எதிரிகளின் இரகசிய எழுத்துக்களை உடைத்துக் கொடுத்து அந்த நாட்டுக்கே பேருபகாரம் செய்த ஆலன் டூரிங் என்ற கணித மேதையை 1952-ல் இதே குற்றத்துக்காகக் கூண்டில் நிறுத்தினார்கள். சிறைக்குப் பதிலாக உடம்பின் சுரப்புகளை மாற்றும் மருந்தைக் கொடுத்தார்கள். 1954-ல் அவர் விஷத்தால் மாண்டார். தற்கொலை என்று விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. 1967-ம் வருஷத்தில் இங்கிலாந்து இந்தச் சட்டத்தைத் தளர்த்திக் கொண்டது. 2013-ல் டூரிங்குக்கு ராஜ மன்னிப்பும் வழங்கினார்கள். செத்து 59 வருஷத்திற்குப் பிறகு வருகின்ற மன்னிப்பினால் செத்தவருக்கு என்ன லாபம் என்று கேட்கின்றோம்.

ஆகவே, பாதிரியின் பிரசங்கத்திலிருந்து ராஜாவின் சட்டத்திற்கும், ராஜாவின் சட்டத்திலிருந்து மெக்காலேயின் நகலுக்கும், அங்கிருந்து நம் தலைக்கும் வந்து சேர்ந்ததுதான் இந்த "இயற்கை". கொடுத்தவன் தூக்கியெறிந்த பிறகும் வாங்கியவர்கள் இதை விடாமல் கட்டிக் கொண்டு, "இது எங்கள் புராதனக் கலாசாரம்" என்று மார் தட்டுவதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உகாண்டா தேசத்தில் 2023-ம் வருஷத்தில் இதற்குச் சில சந்தர்ப்பங்களில் மரண தண்டனை வரை விதித்துச் சட்டம் செய்துவிட்டு, தன்பாலீர்ப்பு மேல்நாட்டுச் சரக்கு என்று அதற்குக் காரணமும் சொல்லுகின்றார்கள். உண்மையில் மேல்நாட்டிலிருந்து அங்கு போனது அதைக் குற்றமாக்கிய சட்டமேயன்றி, அந்த ஆசையல்ல.

நம் சாஸ்திரங்கள் மாத்திரம் இவ்விஷயத்தில் யோக்கியமானவையா என்றால், அதுவும் இல்லை. ஆணோடு சேர்ந்த ஆணுக்கு மனுதர்மம் ஓரிடத்தில் ஜாதிக் குறைவும் பிராயச்சித்தமும் சொல்லி, மற்றோரிடத்தில் துவிஜனானால் கட்டிய துணியோடு ஸ்நானம் செய்தால் போதும் என்கின்றது. ஆனால் ஒரு பெண் ஒரு கன்னிப் பெண்ணைத் தொட்டுவிட்டாலோ, தலையை மொட்டையடிக்க வேண்டுமாம், அல்லது இரண்டு விரல்களை வெட்ட வேண்டுமாம், கழுதையின் மீது ஏற்றி ஊர் சுற்ற வேண்டுமாம். ஆணுக்கு ஒரு முழுக்கு, பெண்ணுக்கு விரல் வெட்டு! தர்மத்தின் தராசு எப்படி என்று பாருங்கள்.

இனி, இவர்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக் கொண்டு சிலர், விஷ்ணு மோகினியாக வந்து சிவனோடு கூடிய கதை இல்லையா, கஜுராஹோ கோவிலில் சிற்பம் இல்லையா என்று சாட்சிக்குப் புராணத்தைக் கூப்பிடுகின்றார்கள். அந்தக் கதையைப் பக்தியோடு கேட்டுவிட்டு, வீட்டில் பிறந்த பிள்ளையை மட்டும் அடித்துத் துரத்துகின்றவர்களைப் பார்த்து இப்படிக் கேட்பது நியாயந்தான். ஆனால் நமக்கு இந்தச் சாட்சி வேண்டியதில்லை. புராணத்தில் இருந்தால் ஒரு காரியம் சரியாகிவிடுமா? புராணத்தில் இல்லாவிட்டால் தப்பாகிவிடுமா? மனிதனுடைய உரிமைக்கு மோகினியின் சிபாரிசு எதற்கு? பிறத்தியாருக்குக் கெடுதியில்லாமல் வயது வந்த இரண்டு பேர் மனமொப்பி வாழ்கின்றார்கள் என்ற ஒரு நியாயமே போதுமானதாகும்.

இயற்கையைத்தான் கேட்போம் என்றால் அதையும் கேட்டுப் பார்க்கலாம். வாத்துகளில் ஆணும் ஆணும் ஜோடி சேர்ந்து வாழ்வதையும், செம்மறிக் கடாக்களில் சில பெண்ணாடுகளை விட்டுக் கடாக்களையே நாடுவதையும், பெங்குவின் பறவைகளில் இப்படிப்பட்ட ஜோடிகள் இருப்பதையும் ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்து எழுதியிருக்கின்றார்கள். இவ்விதம் நூற்றுக்கணக்கான பிராணி வகைகளில் கண்டிருக்கின்றார்கள். அந்தக் கடாவும் வாத்தும் மேல்நாட்டு நாகரிகத்தைப் படித்துக் கெட்டுப் போயினவா?

ஆனால் நாம் இதோடு நிறுத்திக் கொள்ளப் போவதில்லை. ஏனெனில் இயற்கையில் இருப்பதெல்லாம் நல்லது, இல்லாததெல்லாம் கெட்டது என்பதே பகுத்தறிவற்ற வாதமாகும். அம்மை நோய் இயற்கை, அம்மைக்குத் தடுப்பூசி செயற்கை, எது வேண்டும்? மூக்குக் கண்ணாடி போடுவது இயற்கையா? ஆகாய விமானத்தில் காசிக்குப் போவது இயற்கையா? கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசிய காலத்தில் அதுவும் இயற்கைக்கு விரோதம் என்றே கூச்சல் போட்டார்கள். இன்று அந்தக் கூச்சல் போட்டவர்களின் பேரன் பேத்திகள் ஒன்று இரண்டோடு நிறுத்திக் கொண்டு சுகமாக இருக்கின்றார்கள். தங்களுக்குப் பிடிக்காத காரியம் எதுவாயிருந்தாலும் அதற்கு எதிராக இயற்கையைச் சாட்சிக்கு இழுப்பது ஒரு பழைய தந்திரமேயல்லாமல் வேறில்லை.

சரி, இது ஒரு வியாதியல்லவா என்று சிலர் கேட்கலாம். வைத்தியர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். 1957-ல் அமெரிக்காவில் ஈவ்லின் ஹூக்கர் என்ற அம்மையார் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேரையும் அப்படியல்லாத ஆண்கள் 30 பேரையும் மனோதத்துவச் சோதனை செய்து, பெயரில்லாமல் அந்த முடிவுகளை நிபுணர்களிடம் கொடுத்து, யார் எந்த வகை என்று கண்டுபிடிக்கச் சொன்னார். நிபுணர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கவே முடியாத வியாதி என்ன வியாதி? 1973-ல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் இதை வியாதிப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. 1990-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி உலக சுகாதார நிறுவனமும் நீக்கிற்று. இந்திய மனநல வைத்தியர் சங்கமும் 2018-ல் இது வியாதியல்ல என்று சொல்லிவிட்டது.

பிறவிக் குணமா, பழகி வந்ததா என்று கேட்டால், இதற்கென்று தனியாக ஒரே ஒரு மரபணு இல்லை, பல மரபணுக்களும் பிற காரணங்களும் கலந்தே இது அமைகின்றது என்று சுமார் 5 லட்சம் பேரைக் கொண்டு செய்து 2019-ல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகின்றது. காரணம் எதுவானாலும், ஒருவர் தம் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்துக் கொள்ளக் கூடியதல்ல, உபதேசத்தாலும் உதையாலும் மாற்றக் கூடியதுமல்ல என்பது அனுபவத்தில் கண்ட முடிவாகும். பெண்ணிடத்தில் ஆசையுள்ள ஓர் ஆண் எந்தத் தேதியில் உட்கார்ந்து யோசித்து அந்த ஆசையைத் தேர்ந்தெடுத்துக் கொண்டான் என்று தன்னைத்தானே கேட்டுக் கொண்டால் இது விளங்கிவிடும்.

இனிச் சட்டத்தின் கதையைப் பார்ப்போம். 2009-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி டெல்லி ஐக்கோர்ட்டார், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு தனிமையில் இருப்பதை 377-வது பிரிவால் தண்டிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2013-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அதை ரத்துச் செய்து, இவர்கள் மிகச் சொற்பமான எண்ணிக்கையுள்ளவர்கள் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். தலையை எண்ணித்தானா உரிமை கொடுப்பது? அப்படியானால் ஊருக்கு ஒரு வீடாக இருக்கின்ற எந்தச் சிறு கூட்டமும் இந்த நாட்டில் பிழைக்க முடியுமா? பிறகு 2018-ம் வருஷம் செப்டம்பர் 6-ந் தேதி அதே கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அந்தத் தவறைத் திருத்தினார்கள். சரித்திரம் இம்மக்களிடத்தில் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கின்றது என்ற கருத்தை அவர்களில் ஒருவரான ஓர் அம்மையார் எழுதினார். 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த புதுத் தண்டனைச் சட்டத்தில் 377 என்ற பிரிவே இல்லை.

சட்டம் ஒழிந்தது. ஆனால் ஜெயில் ஒழிந்ததா என்றால், இல்லை. அந்த ஜெயில் இப்பொழுது வீட்டுக்குள்ளே இருக்கின்றது. வார்டர் வேலையைத் தகப்பனும் தாயும் தமையனும் தாய்மாமனும் பார்க்கின்றார்கள். இதுதான் இன்றைய முக்கியமான விஷயமாகும்.

மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ விரும்பிச் சென்னைக்கு ஓடிவந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று போலீசில் எழுதி வைத்தார்கள். திருட்டு, கொலை ஒன்றும் செய்யாத வயது வந்த பெண்களைப் போலீஸ் தேடிக் கொண்டு வந்தது. அவர்கள் சென்னை ஐக்கோர்ட்டில் அபயம் புகுந்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், இவ்விஷயத்தில் தமக்குப் போதிய அறிவு இல்லை என்று வெளிப்படையாக எழுதி, ஓர் உளவியல் அறிஞரிடம் தாமே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்து கொண்ட பிறகே 2021-ம் வருஷம் ஜூன் 7-ந் தேதி உத்தரவு போட்டார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக் கொண்டு, கற்றுக் கொண்டு, பிறகு தீர்ப்புச் சொல்வதற்குப் பெயர்தான் பகுத்தறிவு என்பது. அந்த வழக்கின் பயனாக, இவர்களைத் துன்புறுத்தக் கூடாதென்று 2022-ல் தமிழ்நாட்டுப் போலீஸ் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. ஆசையை மாற்றிக் காட்டுகின்றேன் என்று "சிகிச்சை" செய்கின்ற டாக்டர்களின் காரியம் தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவக் கமிஷனும் அதே வருஷத்தில் அறிவித்தது. பத்திரிகைகளும் சர்க்காரும் கேவலமான வார்த்தைகளை விட்டு மரியாதையான சொற்களை உபயோகிக்க ஒரு சொற்பட்டியலும் தமிழில் வெளியாயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு நடந்தது என்ன? 2025-ம் வருஷம் மே மாதத்தில் அதே ஐக்கோர்ட்டுக்கு மற்றொரு வழக்கு வந்தது. வயது 25 ஆன ஒரு பெண்ணை, அவள் தோழியிடமிருந்து பலாத்காரமாக வீட்டுக்குக் கொண்டு போய், அடித்து, அவளைச் "சரியாக்க" சில சடங்குகளையும் செய்தார்களாம். நீதிபதிகள் இருவர் அவளை விடுவித்து, அவள் இஷ்டப்பட்டவரோடு போகலாம் என்றும், குடும்பம் என்பது கலியாணத்தினால் மாத்திரந்தான் ஏற்பட வேண்டும் என்பதில்லை என்றும் தீர்ப்பளித்தார்கள். கோர்ட்டு வரை வர முடிந்தவள் பிழைத்தாள். பூட்டிய அறைக்குள் இருக்கின்றவர்கள், பூசாரியிடத்தில் வேப்பிலை அடி வாங்குகின்றவர்கள், டாக்டரிடத்தில் மின்சார அதிர்ச்சி வாங்கினவர்கள், கிணற்றையும் கயிற்றையும் தேடிக் கொண்டவர்கள் ஆகியோரின் கணக்கை யார் எழுதி வைத்திருக்கின்றார்கள்?

இவற்றையெல்லாம் விடக் கொடுமையானதும், ஆனால் நம் வீடுகளில் மேளதாளத்தோடு நடப்பதுமான காரியம் ஒன்று உண்டு. அதுதான், "ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று செய்து வைக்கின்ற கலியாணம். மகன் மனம் எப்படிப்பட்டது என்று தகப்பனுக்குத் தெரியும். தெரிந்தே பெண் பார்க்கப் போகின்றான். அந்தப் பெண்ணுக்கு மாத்திரம் ஒன்றும் தெரியாது. அவள் புருஷன் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று வருஷக்கணக்காக அழுகின்றாள். பிள்ளை இல்லையே என்று ஊரார் அவளைத்தான் மலடி என்கின்றார்கள். அவளைத்தான் அரசமரம் சுற்றச் சொல்லுகின்றார்கள். பெண்ணுக்கு இந்த மனம் இருந்து ஆணுக்குக் கட்டி வைத்தாலோ, தினமும் ராத்திரி நடப்பது பலாத்காரமேயாகும். அதற்குத் தாலி ஒரு லைசென்சு. ஆக ஒரு குடும்பத்தின் கௌரவத்திற்காக இரண்டு உயிர்களைப் பலி கொடுக்கின்றார்கள். மனமில்லாதவர்களைப் பிடித்து ஒரே அறையில் பூட்டுவதுதான் இயற்கைக்கு விரோதமா, மனமொத்த இரண்டு பேர் சேர்ந்து வாழ்வது இயற்கைக்கு விரோதமா என்று கேட்கின்றோம்.

இப்படியே விட்டால் பிள்ளைகள் பிறக்காமல் உலகம் அழிந்துவிடாதா என்கின்றார்கள் சிலர். சந்நியாசிகளையும் பாதிரிகளையும் பார்த்து இந்தக் கேள்வியை ஏன் கேட்பதில்லை? அவர்கள் காலில் விழுந்து கும்பிடுகின்றோமே! பிள்ளை பெறுவதற்காகவே கலியாணம் என்பதும், பிள்ளை இல்லாவிட்டால் "புத்" என்ற நரகம் என்பதும் வைதீகப் புரட்டு என்று நாம் வெகுகாலமாகச் சொல்லி வருகின்றோம். குழந்தைகளைக் கெடுக்கின்றவர்களையும் இவர்களோடு சேர்த்துப் பேசுகின்றார்கள். அது பெருந்தவறு. குழந்தையைத் தொடுகின்றவன் எந்தப் பாலிடத்தில் ஆசையுள்ளவனானாலும் குற்றவாளியே; அவனுக்காக நாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாம் பேசுவது வயது வந்தவர்களின் சம்மதத்தைப் பற்றியேயாகும்.

கலியாண உரிமையைப் பொறுத்த வரையில், 2023-ம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் கையை விரித்துவிட்டார்கள். சட்டசபைகள் பார்த்துக் கொள்ள வேண்டியது என்றார்கள். மறு ஆலோசனை மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளப்பட்டன. ஆனால் ஹாலந்து தேசத்தில் 2001-லேயே இந்த உரிமை வந்துவிட்டது. தைவானில் 2019-ல் வந்தது; சயாம் தேசமாகிய தாய்லாந்தில் 2025-ல் வந்தது. அங்கெல்லாம் வானம் இடிந்து விழவில்லை. மற்றவர்களின் கலியாணங்கள் நிற்கவும் இல்லை.

இவ்விஷயத்தில் சுயமரியாதைக்காரர்களுக்கு விசேஷமான கடமை ஒன்று உண்டு. புரோகிதனும் ஓமமும் இல்லாமல் நாம் நடத்தி வைத்த திருமணங்களை, 1953-ல் சென்னை ஐக்கோர்ட்டு செல்லாது என்று சொன்னதை எத்தனை பேர் மறந்துவிட்டார்கள்? கலியாணமே இல்லை, பெண்டாட்டியல்ல, பிள்ளைகளுக்குச் சொத்தில்லை என்று நம்மைப் பார்த்துச் சொன்னார்கள். 1967-ம் வருஷத்துச் சட்டம் வந்த பிறகே அந்த இழிவு நீங்கிற்று. திருமணம் என்பது தெய்வீக பந்தம் அல்ல, சம உரிமையுள்ள இருவர் செய்து கொள்ளும் வாழ்க்கைத் துணை ஒப்பந்தம் என்று அப்பொழுது வாதாடினோமே, அந்த வாதத்தில் ஓமகுண்டத்துக்கு இடமில்லை என்றால், அந்த இருவர் இன்ன இன்ன பாலாக இருக்க வேண்டும் என்பதற்கு மாத்திரம் எங்கிருந்து இடம் வந்தது? ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடவும், வாடகைக்கு வீடு பிடிக்கவும், சேர்ந்து சம்பாதித்த சொத்தை ஒருவர் செத்தால் மற்றவர் அனுபவிக்கவும் இவர்களுக்கு இன்று வழி இல்லாமல் திண்டாடுவது, அன்று நம் பெண்கள் திண்டாடியதைப் போன்றதேயல்லவா?

கடவுளை விட்டுவிட்டால் மாத்திரம் அறிவு வந்துவிடாது என்பதற்கும் இவ்விஷயத்தில் அத்தாட்சி இருக்கின்றது. ருஷியாவில் ஜார் ஆட்சியின் சட்டத்தோடு இந்தக் குற்றமும் ஒழிக்கப்பட்டு, 1922-ம் வருஷத்துச் சட்டத்தில் இல்லாமல் போயிற்று. ஆனால் 1934-ல் ஸ்டாலின் ஆட்சியில் திரும்பவும் குற்றமாக்கப்பட்டு, 1993 வரை மக்களைச் சிறையில் தள்ளிற்று. கோவிலை மூடியவர்கள் மனத்திலுள்ள வெறுப்பை மூடவில்லை. ஆதலால் மேடையில் பகுத்தறிவு பேசிவிட்டு, ஓர் ஆணைப் பரிகசிக்க "ஒம்போது" என்றும் "பொட்டை" என்றும் சொல்லிக் கைதட்டல் வாங்குகின்ற தோழர்கள், ஜாதியைச் சொல்லி வைகின்றவனுக்கும் தமக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பிறப்பில் தாழ்வு கற்பிப்பதும், ஆசையில் தாழ்வு கற்பிப்பதும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகளேயாகும்.

ஆகவே பெற்றோர்களுக்குச் சொல்லுகின்றோம்: உங்கள் மகனோ மகளோ ஒரு நாள் உங்களிடம் வந்து தன் மனத்தை வெளியிட்டால், அது உங்களை நம்பி வந்த காரியம் என்பதை முதலில் நினையுங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுவதற்கு அந்தப் பிள்ளை எத்தனை வருஷம் பயந்திருக்கும்! பூசாரியிடமும் ஓட வேண்டாம், "மாற்றித் தருகின்றேன்" என்ற டாக்டரிடமும் ஓட வேண்டாம், தரகரிடமும் ஓட வேண்டாம். நாலு பேர் என்ன சொல்லுவார்களோ என்று அஞ்சுகின்றீர்கள். அந்த நாலு பேர் பிணத்தைத் தூக்க வருவார்களேயன்றி, உங்கள் பிள்ளையை உயிரோடு வைத்துக் காப்பாற்ற வரமாட்டார்கள்.

வாலிபர்களுக்குச் சொல்லுகின்றோம்: மனமில்லாத கலியாணத்திற்குத் தலையை நீட்டாதீர்கள். உங்கள் கோழைத்தனத்திற்காக அறியாத ஒருவரின் வாழ்வைப் பாழாக்க உங்களுக்கு உரிமை கிடையாது. சொந்தமாகச் சம்பாதிக்கும் சக்தியைத் தேடிக் கொண்டு, சுயமரியாதையோடு வாழுங்கள்.

சட்டசபையில் இருக்கின்றவர்களுக்குச் சொல்லுகின்றோம்: கோர்ட்டார் உங்கள் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். 1967-ல் சட்டம் செய்து நம் திருமணங்களுக்கு மதிப்புக் கொடுத்த நாட்டில் இருக்கின்றீர்கள். இவர்களுடைய கூட்டு வாழ்க்கைக்கும் ஒரு பதிவும் பாதுகாப்பும் செய்ய முன்வாருங்கள். அதுவரையில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளையைப் பூட்டி வைத்தாலும், அந்தப் பூட்டை உடைப்பது சுயமரியாதை உள்ள ஒவ்வொருவரின் வேலை என்பதே நமது அபிப்பிராயமாகும்.